அடை காக்க மறந்த கோழி



காலையில் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே பாதி முட்டை இருக்கும். ரொட்டிச் சானாய் கடையில் உட்கார்ந்தால் பக்கத்து மேசைக்கு ரொட்டி தெலோர் போகும். அந்த முட்டையின் ஓடு என்ன நிறம்? யோசிக்காமல் சொல்லிவிடுவீர்கள், பழுப்பு என்று. இதே கேள்வியைத் தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் உறவினரிடம் கேட்டுப் பாருங்கள். வெள்ளை என்பார். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். கோழிதான் வேறு.

தோட்ட வரலாறு பேச உட்கார்ந்தால் கங்காணி வருவார், கிராணி வருவார், துரை வருவார். சயாம் மரண ரயில் வரும், தொழிற்சங்கம் வரும். லயத்துக்குப் பின்னால் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்த கோழியை மட்டும் யாரும் கூப்பிடுவதில்லை. 'கோழிக்கு என்ன சார் வரலாறு?' என்று கேட்கலாம். இருக்கிறது. நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வாழ்ந்த நம் பாட்டிமார்களின் சொந்தக் கணக்கு வழக்கு அந்தக் கோழியின் கதைக்குள்தான் ஒளிந்து கிடக்கிறது. இன்றைய அரங்கில் அதைத்தான் பேசப் போகிறோம்.

மலாய்ச் சேவல் அமெரிக்கா போன கதை

உலகம் முழுக்கப் பெயர் பெற்ற முட்டைக்கோழிகளில் ஒன்று 'ரோட் ஐலண்ட் ரெட்'. அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலமான ரோட் ஐலண்டின் பெயரைத் தாங்கியது. அங்கே லிட்டில் காம்ப்டன் என்ற ஊர்ப்பகுதியில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் வில்லியம் டிரிப் என்பவர் கோழிகளைக் கலந்து வளர்க்கத் தொடங்கினார். துறைமுகத்தில் ஒரு கப்பல்காரரிடமிருந்து 1854-இல் அவர் ஒரு சிவப்புச் சேவலை வாங்கினார் என்பது அந்த ஊர்க்கதை. அது என்ன சேவல் தெரியுமா? மலாய்ச் சேவல்!

உயரமான கால், நீண்ட கழுத்து, முரட்டுப் பார்வை கொண்ட அந்தச் சண்டைச் சேவல் இனத்துக்கு 'மலாய்' என்றே ஆங்கிலேயர்கள் பெயர் வைத்திருந்தார்கள். நம் வட்டாரத்திலிருந்து கப்பலேறிய இனம் அது. அதோடு சீனாவின் ஷாங்காய் கோழிகளும் பிறகு இத்தாலியின் லெகார்ன் இரத்தமும் கலந்தன. பல ஆண்டுகள் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்ததில் உருவானதுதான் இந்தச் சிவப்புக் கோழி. 1904-இல் அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கம் இதைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. 1925-இல் ஆடம்ஸ்வில் என்ற கிராமத்தில் இதற்கு நினைவுச் சின்னமே வைத்தார்கள். 1954-இல் ரோட் ஐலண்டின் மாநிலப் பறவையானது. கழுகுக்கும் கருடனுக்கும் கிடைக்கும் மரியாதை ஒரு கோழிக்குக் கிடைத்திருக்கிறது, பாருங்களேன்!

இன்னும் ஒரு சேதி. இந்தக் கோழியின் கால் மஞ்சள் நிறம். கோழிகளின் முதன்மை மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. நம் செம்பனைத் தோட்டங்களில் இன்றும் விடியற்காலையில் குரல் கொடுக்கிறதே, அதுதான். ஆனால், அதற்கு இந்த மஞ்சள் தோல் கிடையாது. அப்படியானால் மஞ்சள் எங்கிருந்து வந்தது? மஞ்சள் தோலுக்கான மரபணு, இந்தியாவின் சாம்பல் நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-இல் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் பறவை அது.

ஆக, இந்தக் கோழியின் உடம்பில் மலாய் மண்ணின் சொத்தும் இருக்கிறது, தென்னிந்தியக் காட்டின் சீதனமும் இருக்கிறது. அமெரிக்காவில் பெயர் சூட்டிக்கொண்டு திரும்பி வந்தபோது அதை 'வெள்ளைக்காரன் கோழி' என்று நாம் வரவேற்றோம்.

குணம் என்ன?

அடையாளம் சொல்வது எளிது. செம்பழுப்பு உடம்பு, சில கோழிகள் கறுப்பு என்று தோன்றும் அளவுக்கு அடர்ந்த சிவப்பு. வாலில் பச்சை மினுக்கும் கறுப்பு இறகு. பெட்டை ஏறத்தாழ 3 கிலோ, சேவல் 4 கிலோ வரை நிற்கும். ஐந்து, ஆறு மாதத்தில் முட்டையிடத் தொடங்கும். நன்கு பராமரித்தால் ஆண்டுக்கு 200-க்கும் மேல் பழுப்பு முட்டைகள் கிடைக்கும். வெயிலையும் மழையையும் தாங்கும். தானே மேய்ந்து இரை தேடிக்கொள்ளும். முட்டை குறைந்தால் கறிக்கும் ஆகும். ஏழை வீட்டுக்கு ஏற்ற கோழி என்று இதைச் சொல்வது அதனால்தான்.

ஓட்டின் நிறத்தைப் பற்றியும் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். பழுப்பு முட்டைக்குச் சத்து அதிகம் என்று பலரும் நம்புகிறோம். அப்படி ஒன்றும் இல்லை. ஓடு உருவாகி முடியும் கட்டத்தில் கோழியின் உடம்பு மேலே பூசும் சாயம்தான் அந்தப் பழுப்பு. உள்ளே இருக்கும் சத்தை முடிவு செய்வது கோழி தின்ற தீவனம்.

எல்லாவற்றையும்விட முக்கியமான குணம் வேறொன்று. அதிகம் முட்டையிடும் கோழிகள் அடைக்கு உட்காருவது குறைவு. ரோட் ஐலண்ட் ரெட் எப்போதாவது உட்காரும். வெள்ளை லெகார்ன் அனேகமாக உட்காரவே உட்காராது. இந்தக் குணத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதையின் முடிச்சு அதில்தான் இருக்கிறது.

பெரட்டில் ஏறாத கணக்கு

இப்போது தோட்டத்துக்கு வருவோம். ரந்தாவ், சிலியாவ், லிங்கி, லாபு, பகாவ், தம்பின் என்று நெகிரி செம்பிலான் முழுக்க ரப்பர் தோட்டங்கள் பரவியிருந்த காலம். 1920-களின் இறுதியில் மலாயாவின் பல பகுதிகளில் நிர்ணயிக்கப்பட்ட நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஒரே விடியலில் எழுந்து, ஒரே பெரட்டில் நின்று, அதே மரத்தை வெட்டினாலும் பெண்ணுக்கு 10 காசு குறைவு. பிறகு உலகப் பொருளாதார மந்தம் வந்தது. அந்தக் கூலியும் வெட்டப்பட்டது. 1930-க்கும் 1932-க்கும் இடையில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

இந்தக் கூலியில் குடும்பம் எப்படி ஓடியது? விடை லயத்தின் பின்புறத்தில் இருக்கிறது. நெகிரி செம்பிலான் அன்று கூட்டரசு மலாய் மாநிலங்களில் ஒன்று. அங்கு 1923-இல் வந்த தொழிலாளர் சட்டத்தில், குடும்பத்தோடு வாழும் இந்தியத் தொழிலாளிக்குப் பயிரிடவோ ஆடு மாடு மேய்க்கவோ ஏக்கரில் 16-இல் ஒரு பங்கு நிலம் தர வேண்டும் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. ஏறத்தாழ 2,700 சதுர அடி. அந்தத் துண்டு நிலத்திலும் லயத்தைச் சுற்றியும்தான் கீரை, மரவள்ளி, முருங்கை எல்லாம் முளைத்தன. ஆடும் மாடும் கோழியும் அங்கேதான் வளர்ந்தன.

மாடு பெரும்பாலும் ஆண்களின் கணக்கு. கோழி பெண்களின் கணக்கு. பால் வெட்டிவிட்டு வந்த கையோடு தவிட்டைப் பிசைந்து வைப்பார்கள். தேங்காய்ச் சக்கையைக் கொட்டுவார்கள். கறையான் புற்றைப் பெயர்த்து வந்து குஞ்சுகளுக்கு உதறிவிடுவார்கள். இருட்டியதும் கூட்டை அடைத்து, மூசாங் வராமல் கல்லைத் தூக்கி வைப்பார்கள். முட்டை விற்ற காசு முந்தானை முடிச்சுக்குப் போகும். பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்து நோட்டு, திருவிழாவுக்கு வளையல், காய்ச்சலுக்கு மருந்து என்று அந்த முடிச்சு அவிழும். கணவன் கள்ளுக்கடையில் சம்பளத்தைத் தொலைத்த மாதத்தில் அடுப்பு எரிந்ததற்கும் சில வீடுகளில் அந்த முடிச்சுதான் காரணம்.

செக்ரோல் புத்தகத்தில் இந்த வருமானம் ஏறவில்லை. தோட்டக் கணக்கில் அவள் பெயருக்கு நேரே 40 காசுதான். ஆனால், அந்த வீட்டுக்கு அவள் கொண்டுவந்தது 40 காசு மட்டுமில்லை.

அடை என்ற மூலதனம்

அந்தக் காலத்து லயத்துக் கோழி பெரும்பாலும் நாட்டுக்கோழி, கம்பத்துக் கோழி. ஆங்கிலேயர் காலத்தில் ரோட் ஐலண்ட் ரெட், லெகார்ன், கறுப்பு நிற ஆஸ்திரலார்ப் போன்ற இனங்கள் மலாயாவுக்கு வந்தன. நாளடைவில் கம்பத்துக் கோழிகளோடு அவற்றின் இரத்தமும் கலந்தது. கம்பத்துக் கோழியைப் பழுதில்லாத முட்டைக்கோழி என்று சொல்ல முடியாது. பத்துப் பன்னிரண்டு முட்டை இடும். பிறகு 'கொர்... கொர்...' என்று இறகைச் சிலிர்த்துக்கொண்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். 21 நாள் அடை. குஞ்சு பொரித்த பிறகு மாதக்கணக்கில் தாய் வேலை. ஆண்டு முழுக்கக் கூட்டினாலும் 100 முட்டையைத் தொடுவதே அரிது.

முட்டை வியாபாரிக்கு இது நட்டம். வீட்டுப் பெண்ணுக்கோ இதுதான் மூலதனம். ஒரு பெட்டை இருந்தால் போதும், அடுத்த ஆண்டு பத்துக் கோழி. குஞ்சு வாங்கக் கடைக்குப் போக வேண்டியதில்லை. பழைய கூடையில் வைக்கோலைப் போட்டு, முட்டைகளை அடுக்கி, இடிச் சத்தத்தில் முட்டை கெட்டுவிடக் கூடாது என்று ஓர் இரும்புத் துண்டையும் கரித்துண்டையும் ஓரத்தில் வைப்பார்கள். ஏழெட்டு நாள் கழித்து விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு முட்டையாகப் பிடித்துப் பார்த்து, கரு கூடாத முட்டையை எடுத்துவிடுவார்கள். பள்ளிக்கூடம் போகாத கைகளில் இருந்த விஞ்ஞானம் அது.

இதில் இன்னொரு அழகான ஏற்பாடும் இருந்தது. 'வாரத்துக்கு விடுவது' என்பார்கள். கோழி வாங்க வசதியில்லாத வீட்டுக்கு, வசதியுள்ள பெண் ஒரு பெட்டையைக் கொடுப்பாள். அவள் வளர்ப்பாள். பொரித்த குஞ்சுகளில் பாதி கொடுத்தவளுக்கு, பாதி வளர்த்தவளுக்கு. வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, சாட்சிக் கையெழுத்தும் கிடையாது. இன்று சிறுகடன் திட்டம் என்று மாநாடு போட்டுப் பேசுகிறோமே, அதை ஒரு கோழிக்கூட்டை வைத்துக்கொண்டு நடத்திக் காட்டினார்கள்.

வயதுக்கு வந்த பெண்ணுக்கு நாட்டுக்கோழி முட்டையும் நல்லெண்ணெயும், பிள்ளை பெற்றவளுக்கு மிளகு போட்ட கோழிச்சாறு, முனியாண்டி சாமிக்கு நேர்ந்துவிட்ட சேவல். பிறப்பு முதல் படையல் வரை அந்தக் கூட்டிலிருந்துதான் வந்தது.

இந்த வங்கியைத் திவாலாக்கும் எதிரி ஒன்று உண்டு. வெள்ளைக் கழிச்சல் நோய். வந்தால் ஒரே வாரத்தில் கூடு காலியாகிவிடும். தடுப்பூசியைக் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். லயத்திலும் கம்பத்திலும் குளிர்ப்பெட்டிக்கு எங்கே போவது? 1980-களில் அன்றைய மலேசிய விவசாயப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள், ஆஸ்திரேலிய அறிஞர்களோடு சேர்ந்து, வெப்பம் தாங்கும் தடுப்பு மருந்தைத் தீவனத்திலேயே கலந்து கொடுக்கும் முறையைக் கம்பத்துக் கோழிகளுக்காக உருவாக்கினார்கள். சிறிய கூட்டையும் ஒரு பொருளாதாரமாக மதித்த முயற்சி என்பதால் அதை நன்றியோடு நினைக்க வேண்டும்.

300 முட்டையின் விலை

இதற்கிடையில் உலகம் வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. 1978-இல் பிரான்சில் 'ஈசா பிரவுன்' என்ற கலப்புக் கோழி வந்தது. ஜெர்மனியின் 'லோமன் பிரவுன்', நெதர்லாந்தின் 'ஹைசெக்ஸ் பிரவுன்' எல்லாம் இதே வகை. இந்தப் பழுப்புக் கோழிகளின் தந்தை வழியில் இருப்பது நம் ரோட் ஐலண்ட் ரெட் இரத்தம்.

ஏன் அந்தச் சிவப்புச் சேவல்? அங்கேதான் ஒரு சூட்சுமம். சிவப்புச் சேவலை, தகுந்த வெள்ளைப் பெட்டையோடு சேர்த்தால், பொரித்த அன்றே குஞ்சின் நிறத்தைப் பார்த்துப் பெட்டையா சேவலா என்று சொல்லிவிடலாம். பெட்டை பழுப்பு, சேவல் வெளிர் மஞ்சள். ஆயிரக்கணக்கில் குஞ்சு பொரிக்கும் பண்ணைக்கு இது பெரிய வசதி. முட்டையிடாத சேவல் குஞ்சுகளின் கதி என்ன என்று கேட்காதீர்கள். உலகின் பெரும்பாலான நாடுகளில் அவை முதல் நாளே கொல்லப்படுகின்றன. ஜெர்மனி 2022 முதல் அதற்குத் தடை விதித்திருக்கிறது.

பெட்டைகளின் கணக்கு வியக்க வைக்கும். 18 முதல் 20 வாரத்தில் முட்டை தொடங்கும். ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ 25 மணி நேரம். அதில் 20 மணி நேரம் ஓட்டுக்கே போகிறது. ஒவ்வொரு ஓட்டுக்கும் 2 கிராம் அளவு சுண்ணாம்புச் சத்து வேண்டும். தீவனத்தில் போதவில்லை என்றால் தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். ஒரு நாளைக்கு 110 கிராம் சொச்சம் தீவனம், 16 மணி நேர வெளிச்சம். ஆண்டுக்கு 300-க்கும் மேல் முட்டை.

ஆனால், அடைக்கு உட்காராது. அடை உட்காரும் ஒவ்வொரு நாளும் பண்ணைக்கு நட்டம் என்பதால், உட்காரும் கோழிகளைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்து வந்தார்கள். முட்டையிடத் தெரியும், குஞ்சு பொரிக்கத் தெரியாது. அதன் முட்டையைப் பொரிக்க வைத்தாலும் தாயின் குணம் அப்படியே வராது, கலப்பு கலைந்துவிடும். வளர்ப்பவர் ஒவ்வொரு தடவையும் குஞ்சுப் பண்ணையின் வாசலில்தான் நிற்க வேண்டும்.

ஒரு பெட்டையைப் பத்தாக்கிக் காட்டிய பாட்டியின் வித்தைக்கு இந்தக் கோழியிடம் வேலையில்லை. வாரத்துக்கு விடவும் முடியாது. பாதிக்குப் பாதி பங்கு போட அது குஞ்சே கொடுக்காதே!

தோட்டமும் போனது, கூடும் போனது

கோழி மாறிய அதே காலத்தில் தோட்டமும் மாறியது. 1950-களிலும் 60-களிலும் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அந்த வேதனையில் பிறந்ததுதான் துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். பிறகு ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள், ஆள்தேவை குறைந்தது. 1990-களில் நீலாய், சிரம்பான் சுற்றுவட்டாரங்களில் தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்திலிருந்து கிளம்பிய குடும்பங்களில் பல, அடுக்குமாடி வீடுகளுக்குப் போயின. நான்காவது மாடியில் கூட்டை எங்கே வைப்பது? ஆட்டையும் மாட்டையும் விற்றுவிட்டு, கடைசியாகக் கோழியையும் அறுத்துவிட்டுத்தான் லாரியில் ஏறினார்கள்.

இடம்பெயர்ந்த குடும்பங்களின் இழப்பைப் பற்றிப் பேசும்போது வீடு, கோவில், தமிழ்ப்பள்ளி, இழப்பீடு எல்லாவற்றையும் கணக்கில் சேர்க்கிறோம். சேர்க்கத்தான் வேண்டும். பெண்ணின் கையில் இருந்த அந்தச் சின்ன வருமானத்தை யார் கணக்கில் சேர்த்தார்கள்? செக்ரோலில் ஏறாதது இழப்பீட்டுக் கணக்கில் எப்படி ஏறும்?

இதைக் கேட்டுவிட்டு, பழைய காலம்தான் பொற்காலம் என்று யாரும் முடிவுக்கு வந்துவிட வேண்டாம். லயத்தில் கோழி வளர்த்த வீட்டில் முட்டை விற்பனைக்குப் போகும். பிள்ளைக்குக் கிடைப்பது அபூர்வம். இன்று சாதாரணக் குடும்பத்துப் பிள்ளை தினமும் ஒரு முட்டை சாப்பிட முடிகிறது என்றால், அது அந்த அடை காக்காத கோழியின் புண்ணியம். அதையும் மறைக்கக் கூடாது.

நாமக்கல்லிலிருந்து வந்த வெள்ளை முட்டை

ஆனால், மலிவுக்கும் ஒரு விலை உண்டு என்பதை 2022-இல் பார்த்தோம். நம் பண்ணைகளுக்கான மக்காச்சோளமும் சோயாவும் வெளிநாட்டிலிருந்து வருபவை. உக்ரைன் போரில் தீவன விலை ஏறியது. இங்கே முட்டைக்கு உச்சவரம்பு விலை, ஒரு முட்டைக்கு 10 சென் உதவித்தொகை. அப்படியிருந்தும் கடைகளில் முட்டைத் தட்டுகள் காலியாயின. வழக்கமாகச் சிங்கப்பூருக்கு முட்டை அனுப்பும் நாடு, அந்த ஆண்டின் இறுதியில் இந்தியாவிலிருந்து முட்டை வாங்கியது. எங்கிருந்து? நாமக்கல்லிலிருந்து.

நாமக்கல் 1997 வரை சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதி. மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் வந்த ஊர்களின் பட்டியலில் சேலத்துக்கும் இடம் உண்டு. கோழிக்கூடைகளை விட்டுவிட்டுக் கப்பலேறிய மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு, அதே மண்ணிலிருந்து வெள்ளை முட்டை வந்து சேர்ந்தது. லெகார்ன் வழிவந்த கோழி இட்ட முட்டை. அதுவும் அடைக்கு உட்காராத கோழிதான்.

முட்டைக்கான உதவித்தொகை 2025 ஆகஸ்ட் 1 முதல் முழுமையாக நிறுத்தப்பட்டுவிட்டது. இனி விலை சந்தையின் கையில். இந்த நேரத்தில் எல்லாரும் கோழி வளர்க்கக் கிளம்புங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. நிலம் இருப்பவர்கள், ஊராட்சி மன்ற விதி இடம் கொடுக்கும் இடத்தில் இருப்பவர்கள், ரோட் ஐலண்ட் ரெட்டையும் கம்பத்துக் கோழியையும் சேர்த்து வளர்த்துப் பார்க்கலாம். ஒன்று முட்டையைத் தரும், மற்றொன்று அடை காக்கும். கம்பத்துக் கோழியின் சூட்டில் சிவப்புக் கோழியின் முட்டையும் பொரியும். கோழிகளுக்குள் இன வேற்றுமை கிடையாது.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் தோட்டத்தில் வாழ்ந்த பாட்டி இருந்தால், இந்த வாரம் அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை கோழி வைத்திருந்தீர்கள்? முட்டை என்ன விலைக்குப் போனது? அந்தக் காசை என்ன செய்தீர்கள்? சொல்வதை ஒரு நோட்டில், தோட்டத்தின் பெயரும் ஆண்டும் போட்டு எழுதி வையுங்கள். துரை வீட்டுக் கணக்குகள் ஆவணக் காப்பகங்களில் பத்திரமாக இருக்கின்றன. நம் பாட்டியின் கணக்கு அவர் நினைவில் மட்டும்தான் இருக்கிறது.

முட்டையிட்ட கோழிக்குத்தான் வலி தெரியும் என்பார்கள். அந்த வலியின் கணக்கை, அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுவோம்.